காதால் வாங்கியதைக் காதுக்கே கொடுங்கள்

கடலையும் கடற்கரை மனிதர்களையும் நாவலாக எழுதிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் தோணிரேவிலிருந்து வணக்கம்.

உங்கள் நாவலை நீங்களே, உங்கள் சொந்தக் குரலில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துப் பதிவு செய்து தர வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். இப்படிக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது என்றும் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் எழுதியதெல்லாம் முதலில் யாரோ ஒருவர் வாயிலிருந்து வந்தது. வலை பொத்திக்கொண்டிருந்தவர் சொன்னார், கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர் சொன்னார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள். உங்களில் சிலர் அந்த வீடுகளிலேயே பிறந்து, ஆத்தா மடியில் படுத்துக் கேட்டீர்கள். பிறகு அது எழுத்தாயிற்று, அச்சாயிற்று, விருது வாங்கிற்று, கல்லூரியில் பாடமாயிற்று. எங்களுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் சொன்னவர்களுக்கு அது திரும்பி வந்து சேரவில்லை. அவர்களில் பலர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். சிலருக்கு அதுவும் வராது. படிக்கத் தெரிந்தவர்களுக்கும் நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. காதால் வாங்கியதைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டீர்கள். எங்கள் ஆதங்கம் அதுதான்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் பெண்கள் நாங்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிப் பனையோலை பின்னுவோம். ஓலையைக் கிழித்துச் சாயம் ஏற்றிக் கூடையும் மூடி போட்ட பெட்டியுமாகப் பின்னும் வேலைக்குக் கையும் கண்ணும் வேண்டும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்கு நான் புத்தகம் வாசிப்பேன். நான் வாசித்துக்கொண்டே இருந்தால் என் கூலி போய்விடும் என்பதால் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் என் பங்கையும் சேர்த்துப் பின்னித் தருவார்கள். கதைக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது. இலக்கியம் ஏழைகளுக்கு எட்டாது, அவர்களுக்கு நேரமில்லை என்று பேசுகிறவர்கள் இதை ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கும் காது சும்மாதான் இருக்கிறது. பாடு என்று ஆளுக்கு ஒரு முறை வைத்து ஏரியில் எறா பிடிக்கும் குப்பங்களில், முறை வந்தவர்கள் இரவில் வலை கட்டிவிட்டு நீர் வடியக் காத்திருக்கும் நேரம் நீளமானது. பாலித்தீன் பையில் சுற்றிய கைப்பேசியில் சினிமாப் பாட்டு ஓடும், அரசியல் சண்டை ஓடும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவைப்பார்கள். அன்றைக்கும் கரையில் உட்கார்ந்து அதையேதான் கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் நாவல் ஓடியிருக்கலாம்.

வண்ணநிலவன் ஐயாவின் ‘கடல்புரத்தில்’ நாவலைத் திண்ணையில் வாசித்தேன். 1977-ல் வந்த புத்தகம். மணப்பாட்டுக் கதை, எங்களுக்கு அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊர். அங்கே குரூஸ் மிக்கேல் தன் வல்லத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறார். விசைப்படகுகளான லாஞ்சுகள் வந்து இறங்கி வல்லக்காரர் பிழைப்பைத் தின்கின்றன. ஊர் இரண்டுபட்டுப் பகை கொலைவரை போகிறது. இதை வாசிக்க வாசிக்கத் திண்ணையில் பின்னல் நின்றுபோகும். எண்ணூரில் துறைமுகம் வந்த கதையை ஒருவர் எடுப்பார், காட்டுப்பள்ளித் துறைமுகம் பெரிதானால் நமக்கு என்ன மிஞ்சும் என்று இன்னொருவர் கேட்பார், முகத்துவாரம் மண் மேடிட்டு அடைத்துக்கொள்வதைப் பற்றி மூன்றாமவர் சொல்வார். நாவல் அங்கேயே நிற்கும். மறுபடி அதற்குத் திரும்ப வெகுநேரம் ஆகும். ஐம்பது வருஷத்துக்கு முன்பு யாரோ ஒரு திருநெல்வேலிக்காரர் நம்ம சங்கதியை எப்படி எழுதினார் என்று அவர்களுக்கு வியப்பு அடங்கவில்லை.

ஆனால் அவர்கள் என்னைக் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. குரூஸ் மிக்கேலின் மகள் பிலோமி அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்கிறாள். “அதை அந்தப் பொண்ணு கோவமா சொல்லிச்சா, கெஞ்சி சொல்லிச்சா?” என்று கேட்கிறார்கள். அச்சில் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. நான் கோபமாக வாசித்தால் ஒரு கதை, கெஞ்சலாக வாசித்தால் வேறொரு கதை. அதுமட்டுமா, தெலுங்கு எல்லையில் பேசிப் பழகிய வடக்கத்தி வாய் என்னுடையது. மணப்பாட்டுப் பெண் பேசுவதை நான் வாசித்தால் பழவேற்காட்டுப் பெண் பேசுவதாக ஆகிவிடுகிறது. அவள் எப்படிச் சொன்னாள் என்பது ஒருவர் காதில் மட்டும்தான் இருக்கிறது. அவர் 1949-ல் பிறந்தவர். வண்ணநிலவன் ஐயா, பெயர் சொல்லிக் கேட்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் காதில் இருப்பதை எங்களுக்குத் தாருங்கள்.

ஜோ டி குருஸ் ஐயாவுக்கும் இதே விண்ணப்பம். உவரியில் பிறந்து, கடலோடிகளின் பேச்சை அப்படியே கொண்டுவந்து ‘ஆழி சூழ் உலகு’ எழுதினீர்கள். 2004-ல் அது வந்தபோது கடற்கரைக்கு வெளியே இருந்தவர்கள் அந்த மொழியில் தடுமாறினார்கள், இன்றும் தடுமாறுகிறார்கள். ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும் புத்தகம் அது. எங்கள் திண்ணையில் அதைத் தொடங்கவே பயமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் வாசித்தால் நாங்கள் தடுமாற மாட்டோம். காற்றின் பெயரும் நீரோட்டத்தின் பெயரும் கட்டுமரத்தின் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கரை தெரியாத இடத்தில் ஒருவன் இன்னொருவனைக் கூப்பிடும்போது குரல் எப்படி இருக்கும் என்று கடலுக்குப் போகிற வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வார்த்தை புரியாவிட்டாலும் குரலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பின்னாலேயே வந்துவிடுவோம்.

பிறரை வைத்து வாசிக்கச் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. பம்பாய் கண்ணன் குழுவினர் ‘பொன்னியின் செல்வ’னை ஒலிநூலாகச் செய்ததில் எத்தனையோ வீடுகளில் கல்கி மறுபடி நுழைந்தார். கல்கி 1954-லேயே போய்விட்டார். அவரை வாசிக்கச் சொல்ல முடியாது. அது ராஜா ராணி கதை, பல குரல்கள் சேர்ந்து நாடகம்போல் செய்தால் நன்றாகவே அமைகிறது.

எங்களைப் பற்றிய கதைகளுக்கு அது பொருந்தவில்லை. கைப்பேசிச் செயலி ஒன்றில் கடற்கரை நாவல் ஒன்றைக் காசு கட்டிக் கேட்டோம். எது என்று சொல்ல மாட்டேன். வாசித்தவர் தன் தொழிலை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். ஆனால் அதில் மீனவர் வாயைத் திறந்தாலே கத்தினார். பெண்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார்கள். சினிமாவில் குப்பத்து ஆட்களுக்கென்று ஒரு பேச்சு வைத்திருக்கிறார்களே, அதையே எடுத்து ஊர் முழுக்கப் பூசிவிட்டிருந்தார். கதை சொல்லும் பகுதி வந்ததும் செய்தி வாசிப்பதுபோல் சுத்தத் தமிழ். எழுதியவர் அப்படி எழுதியிருக்கவே மாட்டார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் பெரிய விஷயங்களை மெதுவாகத்தான் சொல்வார்கள். புயலில் படகு திரும்பாத இரவில் கரையில் சத்தமே இருக்காது. இது ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இத்தனை மணிநேரம் என்று வாசிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் குற்றமில்லை. தெரிந்தவர் நீங்கள் சும்மா இருந்ததால் தெரியாதவர் அந்த இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

இப்போது இயந்திரக் குரலே தமிழ் வாசிக்கிறது. செலவு குறைவு என்று நாளைக்கு உங்கள் பதிப்பாளரே அதைக் கொண்டுவந்து நீட்டலாம். எழுத்தைத் தவிர வேறெதையும் அறியாத குரல் அது. தயவுசெய்து அதற்கு உங்கள் நாவலைக் கொடுத்துவிடாதீர்கள்.

“என் குரல் நன்றாக இருக்காது” என்று உங்களில் பலர் சொல்வீர்கள். அமெரிக்காவில் ஈ. பி. வைட் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். ஒரு பன்றிக்குட்டிக்கும் ஒரு சிலந்திக்கும் இருந்த சிநேகத்தை ‘சார்லட்ஸ் வெப்’ என்ற நாவலாக 1952-ல் எழுதினார். குழந்தைகளுக்கு எழுதியது, உலகமெல்லாம் பெரியவர்களும் படிக்கிறார்கள். 1970-ல், எழுபது வயதில், அதைத் தானே வாசித்துப் பதிவு செய்தார். நடிப்பே கிடையாது, சாதாரணமாக ஒரு பண்ணைக்காரப் பெரியவர் பேசும் குரல். சிலந்தி சாகும் இடம் வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டு மேலே போக முடியவில்லை. அழாமல் அந்த இடத்தைத் தாண்டப் பதினேழு முறை வாசிக்க வேண்டியிருந்தது என்று பதிவு செய்தவர் பிறகு சொல்லியிருக்கிறார். எழுதி ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியும் எழுதியவருக்கே அந்த வரி ஆறவில்லை. அவர் 1985-ல் இறந்தார். அந்தப் பதிவை இன்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதே அமெரிக்காவின் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் தன் ‘பிலவ்ட்’ நாவலைத் தானே முழுதாக வாசித்தார். அடிமைப்பட்ட தன் மக்களின் கதையை இன்னொருவர் வாயில் விட அவருக்கு மனம் வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

நம் பக்கத்தில் இதை யாரும் நினைத்தே பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் புது தில்லி அலுவலகம் 2000-ஆம் ஆண்டு முதல் தெற்காசிய எழுத்தாளர்களைத் தங்கள் படைப்பைத் தாங்களே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தது. அதில் தமிழும் உண்டு. கடல் கடந்த ஒரு நூலகத்துக்கு உங்கள் குரலின் அருமை தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு பகுதி வாசித்தால் ஆவணத்துக்குப் போதும். ஓலை பின்னுகிறவளுக்குக் கதை முழுதும் வேண்டும். பிலோமி என்ன ஆனாள் என்று தெரியாமல் அவள் எழுந்து போக மாட்டாள்.

காலம் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ராஜம் கிருஷ்ணன் அம்மா மீனவர்களிடமும் உப்பளத் தொழிலாளர்களிடமும் நேரில் போய்ப் பேசிக் கேட்டு ‘அலைவாய்க்கரையில்’, ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். 2014-ல் போய்விட்டார். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இன்று யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம். செய்யத்தான் போகிறோம். ஆனால் அவரிடம் பேசிய அந்தப் பெண்கள் எந்தக் குரலில் பேசினார்கள் என்பதை இனி யாரிடம் கேட்பது? தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம் மக்களின் பேச்சை ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’யில் வைத்த தோப்பில் முகமது மீரான் ஐயா 2019 மே மாதம் போனார். இரண்டு வருஷம் கழித்து அதே மே மாதத்தில் கி. ராஜநாராயணன் ஐயா போனார். கரிசல்காட்டுக்காரர், கடல் எழுதியவர் இல்லை. ஆனாலும் இங்கே அவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பேசுவதுபோலவே எழுத வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க நின்றவர். அப்படிப்பட்டவர்களின் ஒவ்வொரு நாவலும் அவர்கள் குரலிலேயே நம் எல்லோர் கைப்பேசியிலும் இருந்திருக்க வேண்டும்.

உரிமைச் சிக்கல் இருக்கிறது என்பீர்கள். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. உங்களில் பலருடைய ஒலி உரிமை உங்களிடமே இருக்கக்கூடும். இனிமேல் எழுதிக்கொடுப்பவர்கள், நாவலாசிரியரே வாசித்த பதிவை ஊர் நூலகங்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் புத்தகத்தை ஒலி வடிவில் மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் 2012-ல் இடம் கொடுத்தார்கள். அதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. நல்ல காரியம். ஆனால் பள்ளிக்கூடம் போக வாய்ப்பில்லாமல் வளர்ந்த என் பெரியம்மாவுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, எழுத்துத்தான் தெரியாது. அவருக்குச் சட்டம் எதுவும் செய்யாது, நீங்கள்தான் மனம் வைக்க வேண்டும்.

இலவசமாகக் கொடுத்தால் விற்பனை குறையும் என்று பயப்படாதீர்கள். எங்கள் திண்ணையில் இருப்பவர்கள் உங்கள் புத்தகத்தை ஒருநாளும் வாங்கியவர்கள் இல்லை. கேட்டபிறகு அவர்கள் பிள்ளைகள் வாங்குவார்கள். திண்ணையில் கதை கேட்டு வளர்ந்து, இன்று பொன்னேரியில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி எங்கள் ஊரில் இருக்கிறாள். இந்த ஏரியைப் பற்றி அவள் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். வேறு யாருக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக வாசியுங்கள். தன் வீட்டுப் பேச்சு நாவலில் வரலாம், அதை எழுதியவர் வெட்கப்படாமல் சத்தமாக வாசிக்கலாம் என்பதை அவள் காதால் கேட்க வேண்டும்.

எப்படி வாசிப்பது என்றும் எங்களுக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஸ்டுடியோ வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியை முன்னால் வைத்து ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் வாசித்தால் போதும். இருமல் வந்தால் இருமுங்கள். தொண்டை அடைத்தால் நிறுத்தி, அடங்கியதும் தொடருங்கள். அதை வெட்டிவிட வேண்டாம், எங்களுக்கு அது வேண்டும். எங்கேயாவது வாசிப்பை நிறுத்தி, இதை எனக்குச் சொன்னவர் இன்ன ஊர்க்காரர், இப்படி உட்கார்ந்துகொண்டு சொன்னார் என்று சொல்லத் தோன்றினால் சொல்லிவிட்டு மேலே போங்கள். பேச்சு வரும் இடங்களை நடிக்க வேண்டாம், கேட்டபடியே திருப்பிச் சொல்லுங்கள். கேட்டது மறந்துபோயிருந்தால் அந்த ஊருக்கு ஒருநாள் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அந்தப் பேச்சு இன்னும் அங்கே இருக்கும். வயதாகிக் கண் மங்கியவர்கள் வீட்டில் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகச் சொல்லச் சொல்லித் திருப்பிச் சொன்னாலும் சரி.

பதிவை உங்கள் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டால் போதும், எடுத்துவந்து ஊர் ஊராகக் கொடுப்பது எங்கள் வேலை. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு அது கோரைக்குப்பம் போகும், கூனங்குப்பம் போகும், நடுவூர் மாதாகுப்பம் போகும், ஆந்திரக் கரைவரைக்கும் போகும். உங்களுக்கு முடிந்தால் ஒருமுறை நேரில் வந்தும் வாசியுங்கள். சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. அன்றைக்கு யாரும் ஓலையைக் கையில் எடுக்க மாட்டோம்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டுப் படகுகளில் கூலிக்குப் போகும் எங்கள் ஆண்களும் அப்போது வீட்டில்தான் இருப்பார்கள். அந்த அறுபத்தொரு நாளில் கேட்க ஒரு நாவலாவது, எழுதியவர் குரலிலேயே, எங்கள் கையில் இருக்க வேண்டும். உங்களில் யார் முதலில் வாசிக்கப்போகிறீர்கள் என்று பேசி முடிவு செய்து எங்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோணிரேவுத் திண்ணையில் கதை வாசிக்கிறவள்